சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பு: சேர நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

சுகாதார மேம்பாட்டை இளநிலைப் பட்டமாகப் படித்து முடித்து, இப்போது அதே துறையில் பணியாற்றிக்கொண்டிருக்கும் நிலையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் குறையாகக் கருதுபவற்றில் பெரும்பாலானவற்றை, வேறு பல்கலைக்கழகங்களில் இதே பாடத்தைப் படித்துவிட்டு வந்த சக பணியாளர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்தப் படிப்பு பொதுவாக எப்படி அமைக்கப்படுகிறது, எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்பதைச் சொல்வதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது படிக்கத் தகுந்த படிப்பு. ஆனால் மாணவரை எப்போது, எவ்வளவு காலத்துக்கு, எத்தகைய பொறுப்புடன் மக்களிடம் அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் தரம் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிதும் மாறுபடுகிறது.

சேர்வதற்கு முன் பலருக்கும் இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இது மருத்துவப் படிப்பின் சுருக்கம் அல்ல. செவிலியர் பயிற்சியும் அல்ல. இதைப் படித்தவர் நோயாளியைப் பரிசோதிப்பதில்லை, மருந்து எழுதித் தருவதில்லை. மக்கள் நோயுறாமல் இருக்கவும், ஏற்கெனவே நோயுடன் இருப்பவர்கள் இயன்றவரை நலமாக வாழவும் தேவையான சூழலையும் திறனையும் கொள்கையையும் உருவாக்குவதே இத்துறையின் வேலை. 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில், உலக சுகாதார நிறுவனம் இணைந்து நடத்திய, சுகாதார மேம்பாட்டுக்கான முதலாவது பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்ட ஒட்டாவா சாசனம், மக்கள் தங்கள் நலத்தின் மீதான கட்டுப்பாட்டை அதிகரித்துக்கொள்ளவும் அந்த நலத்தை மேம்படுத்திக்கொள்ளவும் வழிசெய்யும் செயல்முறை என்று சுகாதார மேம்பாட்டை வரையறுத்தது. கட்டுப்பாடு யார் கையில் இருக்க வேண்டும் என்பதை இந்த வரையறை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. படிப்பின் ஒவ்வொரு பகுதியையும் நான் இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோடுகிறேன்.

முதலாண்டில் உடலியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து ஆகியவை அறிமுக அளவில் வரும். பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு இவை எளிது. மற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதல் உழைப்பு தேவைப்படும். முதலாண்டின் உயிர்நாடி, நலத்தின் சமூகக் காரணிகள் பற்றிய பாடம்தான். கனடாவில் 1974ஆம் ஆண்டு, அந்நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த மார்க் லலோந்தின் பெயரால் அறியப்படும் அறிக்கை, நலத்தை மனித உயிரியல், சுற்றுச்சூழல், வாழ்க்கைமுறை, மருத்துவச் சேவை அமைப்பு என நான்கு பெரும் பிரிவுகளாகப் பார்க்கச் சொன்னது. அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டா நகரில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்ட 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகின் முன் வைத்தது. இவ்விரண்டையும் படித்த பிறகு ஒட்டாவா சாசனத்தைப் படிக்கும்போது, அது திடீரென்று வந்த ஆவணம் அல்ல என்பது புரிகிறது. நலத்துக்கு முன்தேவைகளாக அந்தச் சாசனம் குறிப்பிடுபவை அமைதி, உறைவிடம், கல்வி, உணவு, வருமானம், நிலையான சூழல் அமைப்பு, நீடித்த வளங்கள், சமூக நீதியும் சமத்துவமும். மருத்துவமனையும் மருந்தும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை என்பதை எங்கள் விரிவுரையாளர் சுட்டிக்காட்டி, அது ஏன் என்று எழுதிவரச் சொன்னார். நான் எழுதிய கட்டுரைகளில் மிகவும் பயன்பட்டது அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

இதே பாடத்தில் வந்த இன்னொரு பகுதியை விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிரித்தானிய அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வை, பின்னாளில் பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் பெயருடன் பிணைந்துவிட்ட அந்த ஆய்வை, எங்களுக்கு அட்டவணைகளிலிருந்து நேரடியாகப் படிக்கக் கற்றுத்தந்தார்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் வறியவர்கள் அல்லர். அனைவரும் அலுவலக வேலையில் இருந்தவர்கள். ஒரே நகரத்தில், ஒரே தேசிய மருத்துவ சேவையைப் பெறும் தகுதியுடன் வாழ்ந்தவர்கள். ஆயினும் பதவிப் படி இறங்க இறங்க இறப்பு விகிதம் கூடிக்கொண்டே போனது; கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர்நிலை அதிகாரிகளுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு போன்ற அறியப்பட்ட காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், இதயநோய் இறப்பில் காணப்பட்ட அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கப்படாமல் எஞ்சியது. ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நலம் சமூகத்தின் ஒவ்வொரு படியிலும் சரிந்து இறங்குகிறது என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது. ஒருவர் ஏன் நோயுற்றார் என்பதற்கு அவருடைய பழக்கங்களை மட்டும் காரணம் காட்டுவது எவ்வளவு குறைவான விளக்கம் என்பதை உணரவைப்பதே இந்தப் படிப்பின் ஆகப் பெரிய கொடை. இதற்காக மட்டுமே இந்தப் படிப்பைப் பரிந்துரைக்க நான் தயங்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டில் நடத்தை மாற்றக் கோட்பாடுகள் தொடங்கியதும் படிப்பு இரண்டு திசைகளில் இழுபடத் தொடங்குகிறது. நோயின் ஆபத்தையும் செயலின் பயனையும் ஒருவர் எப்படி நம்புகிறார் என்பதைக் கொண்டு அவருடைய நடத்தையை விளக்கும் நல நம்பிக்கை மாதிரி, பழக்கத்தை மாற்றுவது படிப்படியாக நடக்கிறது என்னும் மாற்றத்தின் படிநிலைகள், தன்னால் இயலும் என்ற நம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து ஆகியவை இங்கே வருகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்புச் சூழல் உண்டு. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த சமூக உளவியலாளர்கள், காசநோயைக் கண்டறிய வசதி செய்து கொடுத்தும் மக்கள் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள ஏன் போதுமான அளவில் வரவில்லை என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்துதான் நல நம்பிக்கை மாதிரியை உருவாக்கினார்கள். மாற்றத்தின் படிநிலைகளை ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளெமென்டேயும் புகைபிடிப்பதை விடுபவர்களைக் கவனித்து வடிவமைத்தார்கள். இந்தப் பின்னணியுடன் கற்பித்தால் கோட்பாடு ஒரு கருவியாகக் கைக்கு வருகிறது. எனக்குக் கிடைத்த கற்பித்தலில் பாதி இப்படி இருந்தது. மீதிப் பாதி, கட்டங்களையும் அம்புக்குறிகளையும் மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் வரைந்துகாட்டுவதாக முடிந்தது. ஒரு விரிவுரையாளர் மட்டும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை வகுப்பில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றும் மனிதரைப் பற்றி என்ன அனுமானத்தை வைத்துக்கொண்டு பேசுகிறது என்று கேட்டார். அச்சத்தை ஊட்டினால் மாறிவிடுவார்கள் என்று ஒன்று நம்பியது, தகவல் சொன்னால் போதும் என்று இன்னொன்று நம்பியது. வருமானமோ நேரமோ இல்லாத மனிதரை எந்தச் சுவரொட்டியும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு வகுப்பு, ஒரு பருவம் முழுவதும் வரைந்த கட்டங்களைவிட அதிகம் கற்பித்தது.

மக்களிடையே நோய் எப்படிப் பரவியிருக்கிறது, ஏன் என்று ஆராயும் நோய்ப்பரவலியலும், நலத் தரவுகளைக் கணக்கிடும் உயிர்ப்புள்ளியியலும் பலரை மிரட்டும் பாடங்கள். மிரள வேண்டியதில்லை, ஆனால் தவிர்க்கவும் கூடாது. கணக்கில் பெரிய திறமை தேவையில்லை, விகிதத்தையும் சதவீதத்தையும் நிதானமாகச் சிந்திக்கத் தெரிந்தால் போதும். இந்தப் பாடம் எங்கே மலர்கிறது என்றால், பிரித்தானிய நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் முன்வைத்த தடுப்பு முரண் என்ற கருத்தைச் சந்திக்கும் இடத்தில். ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். 10,000 பேருக்கு ஒரு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1 என்றும், வேறு 500 பேருக்கு அது நூற்றுக்கு 10 என்றும் வைத்துக்கொண்டால், முதல் பிரிவில் 100 பேரும் இரண்டாம் பிரிவில் 50 பேரும் நோயுறுவார்கள். அதிக ஆபத்தில் இருப்பவர்களை மட்டும் தேடிப் பிடித்துக் காப்பாற்ற முனையும் திட்டம், எவ்வளவு திறமையாக நடந்தாலும், நோயாளிகளில் பெரும்பான்மையினரைத் தொடாமலே போய்விடும். எல்லோருடைய ஆபத்தையும் சிறிதளவு குறைக்கும் நடவடிக்கை அதிக நோய்களைத் தடுக்கும். ஆனால் அதில் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட முறையில் கிடைக்கும் பயன் மிகக் குறைவாகத் தோன்றும். பொதுச் சுகாதாரத்தில் நடக்கும் விவாதங்களில் பாதியை இந்த ஒரு கணக்கு தெளிவாக்கிவிடும். இதை உண்மையான தரவுகளை வைத்துச் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால், அதுவே அதன் தரத்துக்கு ஒரு நல்ல அடையாளம்.

எடுத்துக்காட்டுத் திட்டங்களில் ஃபின்லாந்தின் வட கரேலியத் திட்டம் ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இதயநோய் இறப்பில் உலகிலேயே மிக மோசமான நிலையில் இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அந்த மாகாணத்து மக்களின் பிரதிநிதிகளே 1971இல் அரசிடம் உதவி கேட்டு மனு அளித்தார்கள். 1972இல் பெக்கா புஸ்காவின் தலைமையில் வேலை தொடங்கியது. இல்லத்தரசிகளின் அமைப்பு, பள்ளிகள், கடைகள், உணவுத் தயாரிப்பாளர்கள், தொலைக்காட்சி என்று சமூகத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அணுகினார்கள். உழைக்கும் வயது ஆண்களிடையே இதயத் தமனி நோயால் ஏற்படும் இறப்பு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதைக் கற்பிக்கும்போது கடைசி எண்ணைப் பெருமையுடன் சொல்லிவிட்டுக் கடந்துவிடும் வழக்கம் இருக்கிறது. மனு அளித்தவர்கள் யார், வேலையைச் சுமந்தவர்கள் யார், வருமானம் பாதிக்கப்படும் என்று அஞ்சிய பால் உற்பத்தியாளர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்பவற்றையும் சேர்த்துக் கற்பித்தால்தான் ஒரு மாணவருக்கு அதிலிருந்து எடுத்துச்செல்ல ஏதாவது இருக்கும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் களப்பயிற்சிக்கு வருகிறேன். எங்கள் படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளில் களம் என்பது பார்வையிடல் அளவிலேயே இருந்தது. ஒரு மக்கள் குழுவுடன் உண்மையாக வேலை செய்யும் வாய்ப்பு மூன்றாம் ஆண்டில்தான் வந்தது. இது மிகவும் தாமதம். ஒரு குடியிருப்பில் பெண்களிடையே உடல் உழைப்பையும் நடைப்பயிற்சியையும் அதிகரிக்கும் நோக்கத்துடன் எங்கள் குழு சென்றது. தேவையறியும் கட்டத்தில் அந்தப் பெண்கள் தெளிவாக ஒன்றைச் சொன்னார்கள்: நடப்பதன் நன்மை அவர்களுக்குத் தெரியும்; வேலை முடிந்து ஓய்வு கிடைக்கும் மாலை நேரத்தில் பாதையில் விளக்கு இல்லை, தனியாக நடக்க அச்சமாக இருக்கிறது. அதன் பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதில் ஐயமே இருக்கவில்லை. எந்த இடங்களில் இருள், எந்த நேரத்தில் யார் அந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர்களே நடந்து வரைபடமாக்கினார்கள். உள்ளாட்சி மன்றத்துக்கு மனு எழுதுவதிலும், அதை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று திட்டமிடுவதிலும் நாங்கள் துணை நின்றோம். சூழலை மாற்றுதல், மக்களின் கூட்டுச் செயலை வலுப்படுத்துதல், கொள்கை முடிவை நோக்கி நகர்தல் என்று ஒட்டாவா சாசனத்தின் ஐந்து செயற்களங்களில் மூன்று அந்த ஒரு வேலையில் இருந்தன.

ஆனால் மதிப்பெண் வழங்கும் படிவத்தில் இதற்கு இடமில்லை. நடைப்பயிற்சியின் நன்மைகள் குறித்த அறிவு, நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் எவ்வளவு மாறியது என்பதை வினாத்தாள் கொண்டு அளந்து காட்ட வேண்டும் என்பதே படிவத்தின் எதிர்பார்ப்பு. ஏற்கெனவே அறிந்திருந்தவர்களிடம் அறிவு உயர்ந்ததாகக் காட்ட வேண்டிய நெருக்கடி மாணவர்களுக்கு ஏற்பட்டது. விரிவுரையில் தனிநபரைக் குறைசொல்லும் பார்வையைக் கண்டித்துவிட்டு, களத்தில் தனிநபரின் அறிவை மட்டும் அளக்கச் சொல்வது கற்பித்தலின் உள்ளேயே இருக்கும் முரண்பாடு. இந்த முரண்பாட்டை இத்துறையின் ஆய்வாளர்களே நன்கு அறிந்திருக்கிறார்கள்: சமூகக் காரணிகளைப் பற்றிப் பேசித் தொடங்கும் கொள்கைகள், செயலுக்கு வரும்போது தனிமனிதப் பழக்கங்களை நோக்கிச் சரிந்துவிடுகின்றன என்று பலமுறை எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரிவை அறிந்த துறை, தன் சொந்த மாணவர்களின் மதிப்பெண் படிவத்திலேயே அதை அனுமதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பீட்டு முறையைத் திருத்துவதற்குப் புதிய நிதி தேவையில்லை. மக்கள் சொன்ன முன்னுரிமையை மாணவர் எவ்வாறு பின்தொடர்ந்தார் என்பதற்கு ஒரு பகுதி மதிப்பெண்ணை ஒதுக்கினாலே போதும்.

காலம் குறித்த குறை இதைவிடக் கடுமையானது. களப்பயிற்சி பருவ அட்டவணைக்குள் அடக்கப்படுகிறது. மக்களின் வாழ்வு அந்த அட்டவணைப்படி நடப்பதில்லை. ஒரு குடியிருப்பில் மாணவர்களை நம்பிப் பேசத் தொடங்குவதற்கே வாரங்கள் பிடிக்கும். பேசத் தொடங்கியதும் பருவம் முடிந்துவிடும். அடுத்த அணி வந்து அதே வீடுகளில் அதே கேள்விகளை மீண்டும் கேட்கும். வெவ்வேறு மாணவர்களிடம் தன் குடும்பத்தின் விவரங்களைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு மூதாட்டி, எழுதிக்கொண்டு போவதெல்லாம் எங்கே போகிறது என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குத் துறையிடம் பதில் இருக்க வேண்டும். முந்தைய அணி சேகரித்தது அடுத்த அணிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். அறிக்கையின் எளிய வடிவம் அந்த மக்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும். தொடங்கிய வேலையைத் தொடர்வதற்கு ஒரு நிரந்தர ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் வகுத்த எட்டுப் படிகள் கொண்ட மக்கள் பங்கேற்பு ஏணியை வகுப்பில் விரிவாகப் படிக்கிறோம். அதன் கீழ்ப்படிகளில் இருப்பது பங்கேற்பே அல்ல, பங்கேற்பின் தோற்றம் மட்டுமே என்பதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மாணவர்களின் களப்பயிற்சியையே அந்த ஏணியில் வைத்துப் பார்க்கும் துணிவு ஒரு துறைக்கு இருந்தால், அந்தத் துறையில் நம்பிச் சேரலாம்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் களப்பயிற்சிதான் இந்தப் படிப்பின் சிறந்த பகுதி என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கூட்டத்தில் அதிகம் பேசுபவரைத் தாண்டி, பேசாமல் அமர்ந்திருப்பவரின் கருத்தை எப்படி வெளிக்கொணர்வது, தாம் எடுத்துச்சென்ற திட்டத்தைக் கைவிட வேண்டிய நேரத்தை எப்படி அறிவது, உள்ளூர் அதிகாரியிடம் குற்றம் சாட்டாமல் ஒரு கோரிக்கையை எப்படி வைப்பது ஆகியவற்றை எந்த விரிவுரையாலும் கற்பிக்க முடியாது. நலம் எங்கிருந்து தோன்றுகிறது என்று கேட்கச் சொன்ன சமூகவியலாளர் ஆரன் அன்டோனோவ்ஸ்கியின் சிந்தனையைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் தத்துவமாகவே தெரிந்தது. கடினமான சூழலிலும் ஒருவருக்கொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, தங்களுக்குள் ஓர் ஒழுங்கை உருவாக்கி வாழ்ந்தவர்களைக் கண்ட பிறகுதான், குறைகளைப் பட்டியலிடுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் வலிமைகளைக் காண வேண்டும் என்பது வேலைமுறையாக என்னுள் பதிந்தது.

தொடர்பியல் பாடம் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தது. துண்டுப் பிரசுரம் தயாரிக்கும் பயிற்சி என்று நினைத்துச் சென்றவர்களுக்கு, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடமே கொடுத்து, படித்ததைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்து, அவர்கள் தடுமாறிய இடங்களை எல்லாம் திருத்தி எழுதும் ஒழுக்கம் கற்பிக்கப்பட்டது. நலத் தகவலைப் படித்துப் புரிந்துகொள்வது, அதைப் பற்றிப் பிறருடன் உரையாடிப் பயன்படுத்துவது, அதைக் கேள்விக்கு உட்படுத்திச் சூழலை மாற்ற முனைவது என்று டான் நட்பீம் 2000ஆம் ஆண்டில் வகுத்த மூன்று நிலைகள், எங்கள் பயிற்சிகளை வரிசைப்படுத்த உதவின. மூன்றாம் நிலைக்கு மட்டும் வகுப்பில் நேரம் போதவில்லை.

கொள்கை பற்றிய பாடத்தை இறுதியாண்டின் விருப்பப் பாடமாக வைத்திருந்தார்கள். இது கட்டாயப் பாடமாக இருந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் பேச்சுவார்த்தை நடத்தி உருவாக்கப்பட்ட முதல் உடன்படிக்கையான புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. வரி, விளம்பரத் தடை, பொதி மீதான எச்சரிக்கை, புகையற்ற பொது இடங்கள் ஆகியவற்றுடன், கொள்கை வகுப்பதில் புகையிலைத் தொழிலின் நலன்கள் தலையிடாமல் பாதுகாப்பதையும் அது அரசுகளின் கடமையாக்கியது. ஒரு நோயின் பின்னால் நுண்ணுயிர் மட்டுமல்ல, இலாப நோக்கமும் இருக்கக்கூடும் என்பதை மாணவர் புரிந்துகொள்ளும் இடம் இது. இதைப் படிக்காமல் ஒருவர் பட்டம் பெற்று வெளியேற முடிகிறது என்பது கவலைக்குரியது. அதே நேரத்தில், அரசு எந்த அளவுக்கு மனிதரின் தெரிவில் தலையிடலாம் என்ற அறக்கேள்வியை இந்த வகுப்பில் நேர்மையாக விவாதித்தோம். வெறுமனே தகவல் தருவதிலிருந்து தெரிவையே இல்லாமல் செய்வது வரை, தலையீட்டின் ஒவ்வொரு படிக்கும் அதற்கேற்ற வலுவான நியாயம் வேண்டும் என்பதில் பெரும்பாலும் உடன்பட்டோம். வரிவிதிப்பு ஏழைகளை அதிகம் தாக்குமா, நோய்ச் சுமையைக் குறைத்து அவர்களுக்கே அதிகம் உதவுமா என்பதில் கடைசிவரை உடன்படவில்லை. அந்த விவாதங்கள் இப்போதும் எனக்குப் பயன்படுகின்றன.

மதிப்பீட்டியல் மிகத் தாமதமாக வரும் இன்னொரு பாடம். திட்டத்தை முடித்த பிறகு அளப்பது எப்படி என்று கற்பிக்கிறார்கள். எதை அளக்கப்போகிறோம் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. இத்துறையில் வெற்றியை நிறுவுவது இயல்பாகவே கடினம். வட கரேலியாவையே மறுபடி எடுத்துக்கொள்வோம்: ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த அண்டை மாகாணமான குவோபியோவிலும், பின்னர் ஃபின்லாந்து முழுவதிலும், இறப்பு விகிதம் குறைந்தது. திட்டத்தின் செய்தி எல்லை தாண்டிப் பரவியதா, மருத்துவம் முன்னேறியதா, நாடு முழுவதும் மாறிக்கொண்டிருந்ததா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல. இத்தகைய சிக்கலை மறைக்காமல் மாணவர் முன் வைத்த ஆசிரியர்கள் எனக்குக் கிடைத்தார்கள். எத்தனை பேரை எட்டியது, உண்மையில் பலன் தந்ததா, பிற நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டனவா, திட்டமிட்டபடி நடந்ததா, பின்னரும் நிலைத்ததா என்ற ஐந்து கேள்விகளை முன்வைக்கும் ரீ-எய்ம் சட்டகத்தை இரண்டாம் ஆண்டிலேயே தந்திருந்தால், எங்கள் களப்பயிற்சி வேறு தரத்தில் இருந்திருக்கும்.

ஆசிரியர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மருத்துவர்கள், சமூகவியலாளர்கள், உளவியலாளர்கள், புள்ளியியலாளர்கள் எனப் பல துறையினர் கற்பித்தார்கள்; சில நேரங்களில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். ஒரே பதிலை எதிர்பார்க்கும் மாணவருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு அதுவே கல்வியாக இருந்தது. களத்தில் நீண்டகாலம் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் ஆசிரியர் குழுவில் குறைவாக இருந்ததுதான் உண்மையான இழப்பு.

வேலைவாய்ப்பு குறித்து மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள், மருத்துவமனைகளின் சமுதாயப் பிரிவுகள், பள்ளிகள், தொழிலிட நலத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வுக் குழுக்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. ஆனால் பல பணிகள் திட்ட நிதியைச் சார்ந்தவை. நிதி முடிந்தால் பணியும் முடியும். மருத்துவரையும் செவிலியரையும் போல உரிமம் பெற்ற தொழிலாக இது பெரும்பாலான இடங்களில் அமையவில்லை என்பதால், தன் திறன் என்ன என்பதை வேலை தருபவரிடம் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். இதற்குப் பயன்படுவது, 1951இல் தொடங்கப்பட்ட சுகாதார மேம்பாடு மற்றும் கல்விக்கான பன்னாட்டு ஒன்றியம் நடத்தும் தர ஏற்பு முறை. மாற்றத்துக்கு வழிசெய்தல், பரிந்து பேசுதல், கூட்டிணைவின் வழியாக இணக்கம் காணுதல், தொடர்பாடல், தலைமை, தேவை மதிப்பீடு, திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பீடும் ஆய்வும் என ஒன்பது திறன் களங்களை அது அடிப்படையாகக் கொள்கிறது. சேரவிருக்கும் பட்டம் இந்த ஏற்பைப் பெற்றதா என்று கேட்பது நல்லது. பெறாவிட்டாலும், பாடத்திட்டத்தை இந்த ஒன்பது களங்களுடன் ஒப்பிட்டு எது விடுபட்டிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மனிதர்களுடன் பேசுவதில் பொறுமையும், உடனடிப் பலனை எதிர்பாராத மனமும், எண்களைக் கண்டு ஒதுங்காத குணமும் உள்ளவர்களுக்கு இந்தப் படிப்பை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். மருத்துவத்தில் இடம் கிடைக்காததற்கு மாற்றாக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், முதலாண்டிலேயே ஏமாற்றம் அடைவதைக் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே செவிலியம், ஆசிரியப் பணி, சமூகப் பணி போன்றவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்கு இளநிலையைவிட முதுநிலைப் படிப்பே பொருத்தம். என்னுடன் பணிபுரிபவர்களில் அவ்வழியாக வந்தவர்கள், கோட்பாட்டைத் தங்கள் அனுபவத்துடன் உடனே பொருத்திப் பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் துறையைத் தொடர்புகொண்டு, களப்பயிற்சி எந்த ஆண்டில் தொடங்குகிறது, ஒரே மக்கள் குழுவுடன் எவ்வளவு காலம் தொடர்கிறது, கொள்கைப் பாடம் கட்டாயமா, மதிப்பெண் படிவத்தை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் எழுதிய களப்பயிற்சி அறிக்கை ஒன்றைக் காட்டும்படியும், அதன் பிரதி அந்த மக்களுக்குக் கொடுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். தெளிவான பதில் தரும் துறைக்கே உங்கள் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.